கிரேஸ் கேட்காத ஒரு வரி

அன்று மாலை கிரேஸின் கைபேசிக்கு நான் அழைத்தது ஓர் ஆறு இலக்க எண்ணுக்காக. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை. எங்கள் ஏற்றுமதி விண்ணப்பத்தின் மேல் டெல்லியிலிருந்து வந்திருந்த கடைசிக் கேள்விக்குப் பதில் அனுப்ப அன்றோடு கெடு முடிகிறது. நெடுமங்காடு சாலையில் இருக்கும் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து பதிலைக் கணினியில் ஏற்றி, அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டேன். அழுத்தினால் மட்டும் போகாது. கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவரின் கைபேசிக்கு ஓர் ஓடிபி வரும். அந்த எண்ணை இங்கே தட்டினால்தான் பதில் போய்ச் சேரும். எங்கள் சிறு நிறுவனத்தில் அந்த உரிமை கிரேஸுக்கு. அவர் இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

போனை எடுத்தது அவர் தம்பி ஜெபராஜ்.

"அண்ணே, அக்கா போயிட்டா. அர மணிக்கூர் ஆச்சு."

நான் ஏதோ கத்தியிருக்கிறேன். நீள மேசையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராஜ் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"இதுல ஒரு நம்பர் வந்து கெடக்கு அண்ணே. சாமி விளிப்பாரு, நம்பர் வந்தா சொல்லிக் குடுன்னு அக்கா காலையிலயே சொல்லியிருந்தா. சொல்லட்டா?"

சொல்லுங்கள் என்றேன். ஒவ்வோர் எண்ணாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். தட்டினேன். பதில் பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சரிந்து அழுதேன்.

'சாமி' என்பது நான்தான். ஸ்ரீவராகத்துப் பிராமணன் என்பதால் கிரேஸ் கேலியாக வைத்த பெயர். கடைசி வரை மாற்றவில்லை. பாறசாலை சபையார், பழைய சர்வீஸ் சென்டர் நண்பர்கள் என்று கிரேஸை அறிந்த உங்கள் எல்லாரிடமும் இதை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதலில் எண்ணை வாங்கினேன், அப்புறம் அழுதேன். இந்த வெட்கக்கேட்டை ஒளித்துவிட்டு அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எழுத எனக்குக் கை வரவில்லை.

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த அந்த சர்வீஸ் சென்டரில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதும் ஏறக்குறைய ஒன்று. நான் உள்ளே மதர்போர்டுகளோடு மல்லுக்கட்டுவேன். அவர் முன்னால் கவுண்டரில் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுவார். எந்தக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தாலும், வேலைச் சீட்டை முழுக்க உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, எது சீக்கிரம் கெடும், எல்லாம் அதில் இருக்கும். ஒருநாள் ஒரு வக்கீல், "எனிக்கு சமயமில்ல, ஒப்பு எவிடெயா?" என்று கையெழுத்துப் போடப் பேனாவை உருவினார். கிரேஸ் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார் கேக்காதெ ஒப்பு இடண்டா" என்று, கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாமெனச் சொல்லிவிட்டு, கடைசி வரி வரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உள்ளே இருக்கும் விசிறி சத்தம் போடும், எங்களால் சரிசெய்ய முடியவில்லை என்பது கடைசி வரி. வக்கீல் காச்சு மூச்சென்று கத்தினார். உள்ளே நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்னத்துக்கு கிரேஸ் இந்த வம்பு? அவர் ஆத்துக்குப் போனா தானே தெரிஞ்சுக்கறார்."

"வீட்டுல போயி தெரிஞ்சா ஏமாத்திப்புட்டாளேன்னு தோணும் சாமி. இங்க வச்சே தெரிஞ்சா கோவந்தான் வரும். கோவம் நல்லதாக்கும், கேட்டியளா."

அந்த வக்கீல் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் எங்களிடமே வந்தார். கிரேஸ் சொன்னதுதான் சரி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே வக்கீல் வரும்போதெல்லாம் "சாமி, உங்க ஆளு வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். சென்டர் மூடியபோது எங்களிடம் மிஞ்சியது செத்துப்போன கம்ப்யூட்டர்கள் ஒரு மலை. அதை வைத்துத்தான் பழைய மின்னணுச் சாமான்களைச் சேகரித்துப் பிரிக்கும் கொட்டகையைத் தொடங்கினோம். ஓடுகிற கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்போம். ஓடாதவற்றைப் பிரித்து இரும்பு இரும்பாக, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகக் கொடுத்துவிடுவோம். உள்ளே இருக்கும் பச்சை நிற மின்சுற்றுப் பலகைகள்தான் தொல்லை. அவற்றில் தங்கமும் செம்பும் இருக்கிறது, ஈயமும் இருக்கிறது. எடுக்கும் வசதி எங்களிடம் இல்லை.

முதல் இரண்டு வருஷம் ஒரு வியாபாரி வந்து பலகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. கிரேஸ் கேட்டார். வியாபாரி மழுப்பியதும், போய்ப் பார்த்தே தீருவேன் என்று நின்றார். கூட நானும் போனேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு வீட்டின் பின்புறம் நாலைந்து பிளாஸ்டிக் தொட்டிகளில் ஆசிட். பலகைகள் அதில் ஊறிக்கொண்டிருந்தன. நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு பெண் வெறும் கையால் ஒரு குச்சியைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் நகமே இல்லை. எங்களைப் பார்த்து, "உங்க சரக்கா? நல்ல சரக்கு" என்று சிரித்தார். தொட்டியின் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பலகையில் எங்கள் சென்டரின் பழைய சீட்டு ஒட்டியிருந்தது. அதில் 'சோதித்தது: கிரேஸ்' என்று அவருடைய கையெழுத்து.

திரும்பும் பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. களியக்காவிளை தாண்டியதும்தான் பேசினார்.

"சாமி, இனி ஒரு பலககூட அங்க போவக்கூடாது. ஒழுங்கா உருக்குறவன் எங்க இருக்கானோ அங்க அனுப்புவோம். கப்பல்ல போவட்டும்."

"கப்பல்ல அனுப்ப எத்தனை பேப்பர் வேணும்னு தெரியுமோ?"

"எழுதத் தெரியும்லா? எழுதுவோம்."

ஜப்பானில் ஓர் உருக்காலை எங்கள் பலகைகளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அங்கே ஆரம்பித்தது எங்கள் சனி. மின்னணுக் கழிவை நாட்டுக்கு வெளியே அனுப்ப டெல்லியின் ஒப்புதல் வேண்டும். வாங்கும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும். கப்பல் வழியில் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்த நாட்டின் சம்மதமும் வேண்டும். இங்கே மாநில அலுவலகத்தின் பரிந்துரை வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்றின் காலம் முடிந்துவிடும். நடுவில் உலக நாடுகளுக்கிடையிலான விதியே மாறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் நடுவே சரக்கைக் கொட்டகையில் இத்தனை நாள்தான் வைத்திருக்கலாம் என்று ஒரு கெடு உண்டு. ஒப்புதல் வராமல் அது முடிந்தால் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். பலகைகள் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்கிறவர் எந்தத் தொட்டிக்குக் கொண்டுபோவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எங்களிடம் வேலை செய்யும் ஏழு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆலோசகர் என்று ஒருவரைப் பிடித்தேன். அவர் மிக எளிதான வழி சொன்னார். கழிவு என்று எழுதாதீர்கள். சோதித்த பழைய உபகரணம், மறுபயன்பாட்டுக்கு என்று எழுதுங்கள், சான்றிதழ் நான் வாங்கித் தருகிறேன், பாதிக் கேள்வி குறைந்துவிடும் என்றார். எனக்கு அது அமிர்தமாக இருந்தது. ஓடிப் போய்க் கிரேஸிடம் சொன்னேன்.

"செத்தவனுக்கு ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் எழுதச் சொல்றியளா சாமி?" என்றார்.

"எல்லாரும் எழுதறா கிரேஸ்!"

"எல்லாரும் எழுதட்டும். ஓடுறத ஓடுதுன்னு எழுதுவோம், ஓடாதத ஓடாதுன்னு எழுதுவோம். இதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

கஷ்டம் என்னவா? எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்தது. என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அந்த நாட்களில்தான் எங்கள் வேலை முறை ஒன்று அமைந்தது. டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வரும். நான் கொட்டகையில் உட்கார்ந்து பதில் எழுதுவேன். அவர் ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிய கையை நீட்டிவைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்திருப்பார். பதிலை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நான் வாசிக்க வேண்டும். பிடிக்காத இடத்தில் "நிப்பாட்டுங்க" என்பார். அந்த வரியைத் திருத்துவேன். மறுபடி வாசிப்பேன். முழுவதும் கேட்டுத் திருப்தியான பிறகுதான் பொத்தானை அழுத்தச் சொல்லி, ஓடிபியைச் சொல்வார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு எங்கள் விண்ணப்பம் முழுக்க மனப்பாடம். ஒரு பெரியவர் போனுக்குள் கேட்கும்படி, "சிங்கப்பூர் சம்மதிச்சோ மோளே?" என்று விசாரிப்பார். சம்மதித்தபோது அந்த வார்டில் யாரோ லட்டு வாங்கிக் கொடுத்தார்களாம். டயாலிசிஸ்காரர்கள் லட்டு தின்னலாமா என்று நான் கத்தினேன். "மோந்து பாத்தோம் சாமி" என்றார் கிரேஸ்.

அவ்வளவும் நெருங்கி வந்த பிறகு நாங்களே ஒரு காரியம் செய்து கெடுத்துக்கொண்டோம். எங்கள் பெண்கள் ஏழு பேரும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். தோட்டத்தில் வேலை நின்றுபோய், விதுரையில் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் முத்துலெட்சுமி. பலகைகளில் ஒட்டியிருக்கும் பாட்டரிகளைப் பார்த்து கிரேஸுக்கு ஒரு பயம் வந்தது. நடுக்கடலில் ஒரு பாட்டரி தீப்பிடித்தால் கப்பல்காரர்கள் கதி என்ன? எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். கொழுந்து கிள்ளிய விரல்கள் அல்லவா, பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பட்டன் பாட்டரிகளைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டார்கள். பெரிய பாட்டரிகளைத் திருகி எடுத்தார்கள். "கொழுந்தவிட இது எளுப்பம் சாரே, அட்ட கடிக்காது" என்றார் முத்துலெட்சுமி, தோட்டத்து அட்டைப்பூச்சிகளை நினைத்து. ஐந்தே நாளில் முடித்து, நாலு நீல டிரம்களில் நிரப்பிப் பின்சுவரோரம் வைத்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்தது பாட்டரியோடு சேர்ந்த எடை. ஆய்வுக்கு வந்தவர் நிறுத்துப் பார்த்தது பாட்டரி இல்லாத எடை. குறைந்த சரக்கு எங்கே, யாருக்கு விற்றீர்கள் என்று கேள்வி வந்துவிட்டது! திருட்டுத்தனமாக விற்கக் கூடாது என்பதற்காக இவ்வளவு பாடுபட்ட பெண்மணியைப் பார்த்து இந்தக் கேள்வி. அன்று அவர் போனில் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எடுத்தத எடுத்தோம்னு முன்னாலயே எழுதியிருக்கணும், எனக்குத் தோணாமப் போச்சு" என்றார். குரல் மிகவும் தளர்ந்திருந்தது. அதுதான் நாங்கள் அலுவல் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாள் மூச்சுத் திணறியதால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

இனி, அன்று மாலை நான் அனுப்பிய பதிலில் கிரேஸ் கேட்காத அந்த வரி. பாட்டரிகளை எடுத்துக்கொள்ள உரிமம் பெற்ற ஓரிடம் உண்டு. அவர்கள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வண்டியை அனுப்பாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிரம்கள் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றன. டிரம்கள் இங்கேயே இருக்கின்றன என்று எழுதினால், அதற்குத் தனி அனுமதி எங்கே என்று இன்னொரு கேள்வி வரும், இன்னும் நாலைந்து மாதம் போகும், கெடு தாண்டிவிடும். ஆகவே, 'அகற்றிய பாட்டரிகள் அனைத்தும் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன' என்று எழுதினேன். நேரம் குறைவாக இருந்ததால் பொத்தானை முன்னாலேயே அழுத்திவிட்டாலும், போனில் வாசிக்கும்போது அவர் "நிப்பாட்டுங்க" என்பார், சண்டை போட்டு எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அவருடைய வாதம்கூட எனக்குத் தெரியும். ஆச்சுன்னு எழுதணும்னா ஆயிருக்கணும் சாமி என்பார். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன். சண்டை போட ஆள் இல்லை. எண் மட்டும் கிடைத்தது. செத்து அரை மணி நேரமான கிரேஸ், தான் கேட்காத ஒரு பொய்யைத் தன் பேரில் டெல்லிக்கு அனுப்பினார். அனுப்பியவன் நான்.

பாறசாலையில் அடக்க ஆராதனைக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். போதகர் பேசும்போது, இந்தச் சகோதரி தன் வாயால் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் எழுந்தது. நான் கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபராஜ் வந்து என் கையைப் பிடித்து, "நம்பர் சரியா இருந்துதா அண்ணே?" என்று கேட்டார். சரியாக இருந்தது என்றேன். அந்த நல்ல மனுஷன் அக்காவுக்குச் செய்த கடைசிக் கடமை அது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒப்புதல் வந்தது. இத்தனை காலம் தவம் கிடந்த காகிதம், ஒரு காலை வேளையில் மின்னஞ்சலில் சாதாரணமாக வந்து நின்றது. கிரேஸ் என்ற பேருக்குத்தான். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். முத்துலெட்சுமி சுவரில் மாட்டியிருந்த கிரேஸின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "மேடம், பேப்பர் கிட்டி" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே போய்ப் பக்கத்து அன்னாசித் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். முத்துலெட்சுமிக்கு நான் சொல்வது முதலில் விளங்கவே இல்லை.

"நம்பர் கொடுக்கச் சொன்னது மேடம்தானே சாரே? பின்னே எந்தா பிரச்சன?"

"நான் என்ன எழுதியிருக்கேன்னு அவருக்குத் தெரியாதே."

"டிரம்ம நாளைக்கே ஆட்டோல ஏத்திக் கொண்டுபோய் கொடுத்தா தீந்துச்சில்லே? யாரு கேக்கப் போறா?"

"அன்னிக்கே குடுத்தாச்சுன்னு எழுதியிருக்கேன் முத்துலெட்சுமி. அவர் பேர்ல."

முத்துலெட்சுமி எழுந்து நின்றார். "சாரோட மனசு சமாதானத்துக்கு எங்க வேல போகணுமா? மல இறங்கி வந்தது இதுக்கா?"

அந்தப் பொய் என் பேரில் இருந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்திருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவன்தான். கிரேஸின் பேரில் இருந்ததால்தான் தாங்க முடியவில்லை. தொட்டி விளிம்பில் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் களியக்காவிளை வரை பேசாமல் வந்தவர் அவர்.

கடிதத்தோடு கிரேஸின் மரணச் சான்றிதழையும் வைத்து மாநில அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி எங்களை ஆரம்பத்திலிருந்தே அறிந்தவர், நல்ல மனிதர். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை மடித்து என் பக்கமே தள்ளினார்.

"சாரே, இது ஞான் வாயிச்சிட்டில்ல. கொண்டு போய்க்கோ. அந்தப் பெண்ணுங்களோட காரியம் ஆலோசிக்கணும்."

படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், எடுத்துப் போங்கள் என்கிறார். அந்தக் கருணை என்னை எப்படி ஆட்டிவிட்டது என்று சொல்லி முடியாது. எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரைகூட வந்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பிப் போய் நேராகத் தபால் பிரிவில் கொடுத்து, பதிவு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். அதிகாரி தன் அறையிலிருந்து பார்த்தார்.

ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது. புது விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார்கள், என் பேரில். ஏழு பெண்களில் இரண்டு பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பாட்டரிக்காரர்களின் வண்டி ஒருவழியாக வந்து டிரம்களை ஏற்றிப் போயிற்று. பலகைகள் அப்படியே இருக்கின்றன. பழைய வியாபாரி வாரம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரிக்கிறார். எனக்குச் சில நாள் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது. கிரேஸ், ஏன் அன்று அரை மணி நேரம் பொறுக்கவில்லை என்று வாய்விட்டுக் கேட்கிறேன். செத்தவரிடம் கேட்கிற கேள்வியா இது!

கிரேஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எழுதியதை இன்னொருவர் காதில் முழுக்கப் போடாமல் அனுப்புவதில்லை. காது யாருடையது? நேற்று முன்தினம் முத்துலெட்சுமியை எதிரே உட்காரச் சொன்னேன். என் மேல் கோபம் தீராமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புது விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொன்னேன். சரக்கு வைத்திருக்கும் இடம் மழைநீர் புகாதது என்ற வரி வந்தது.

"நிறுத்து சாரே" என்றார்.

"என்ன?"

"வடக்கு மூலைல ஒழுகுமே. போன மழைக்கு பக்கெட் வெச்சது நான்தானே."

"ஒழுகறதுன்னு எழுதினா தரமாட்டா முத்துலெட்சுமி. கெடுவுக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு."

"ஒழுகாதுன்னு எழுதண்டா. முதல்ல ஓட்டைய அடைப்போம், அப்புறம் எழுது." சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டால்தான் கூரையில் ஏற முடியும். இன்றும் விடவில்லை. விண்ணப்பம் அந்த வரியிலேயே நிற்கிறது. முத்துலெட்சுமி கதவோரம் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது.